போல்ட்டின் மேல் போட்ட பழி

"இரும்பு சரியில்ல டாக்டர். லேத்துல கடைஞ்ச போல்ட்டு பாருங்க, நம்ம பாப்பா போட்டது."

பட்டறையின் பின்பக்கம், தகரத் தடுப்புக்கு அப்பால் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவள் காதில் இது விழுந்தது. சொன்னது வேறு யாருமில்லை, கூடப் பிறந்த அண்ணன். லேத் ஓடும்போது முன்பக்கம் பேசுவது அவளுக்குக் கேட்காது என்று அவனுக்கு ஒரு நினைப்பு. இருபத்திரண்டு வருடமாக அந்த இரைச்சலுக்குப் பக்கத்தில் நிற்கிறவளுக்கு அந்த இரைச்சல் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் கேட்கும் என்பது அவனுக்கு இன்னும் தெரியவில்லை.

அவள் சுவிட்சை அணைத்தாள். சுழன்ற இரும்பு நிற்கும் வரைகூடப் பொறுக்கவில்லை, கையைத் துணியில் துடைத்தபடியே முன்னால் வந்தாள். பல் டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வலது கை கழுத்திலிருந்து துணி கட்டித் தொங்கியது. பல் பிடுங்குகிற கை. மணிக்கட்டில் விரிசல், மூன்று வாரம் அசைக்கக் கூடாதாம். அதுவரை அவரிடம் வரவேண்டியவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். இடது கையில் ஒரு போல்ட்டை வைத்து, சொத்தைப் பல்லைப் பார்ப்பது மாதிரி புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கடைந்த போல்ட் அது.

டாக்டரின் வண்டி அவருடைய மாமனார் இளவட்டமாக இருந்தபோது வாங்கிய மோட்டார் சைக்கிள். அந்தக் காலத்து வண்டிகள் சிலவற்றில் எஞ்சின் தனி, கியர்பாக்ஸ் தனி. இரண்டையும் இரண்டு கனத்த இரும்பு பிளேட்டுகளுக்கு நடுவே நிறுத்தி, ஒரு செயினால் இணைத்திருப்பார்கள். செயின் தொய்ந்தால் கியர்பாக்ஸையே கொஞ்சம் பின்னால் நகர்த்தி இறுக்க வேண்டும். அதற்காகவே பிளேட்டில் உள்ள துளைகள் வட்டமாக இல்லாமல் நீளமாக இருக்கும். நகர்த்துவதற்கு ஒரு சின்னத் திருகு உண்டு. அதற்கு இழுக்கத்தான் தெரியும், பிடித்து நிறுத்தத் தெரியாது. பிடித்து நிறுத்துவது மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இருக்கிற இரண்டு பெரிய போல்ட்டுகளின் வேலை.

முந்தாநாள் காலை டாக்டர் பாலத்து ஏற்றத்தில் ஆக்சிலேட்டரைத் திருகியிருக்கிறார். பிடி விட்ட கியர்பாக்ஸ் பின்னால் நகர்ந்தது. பின்சக்கரத்துச் செயின் தொளதொளத்து, சக்கரப் பல்லை விட்டுக் கழன்று சிக்கிக்கொண்டது. சக்கரம் பூட்டிக்கொள்ள, டாக்டர் தரையில் கிடந்தார்.

"என்னண்ணே, என் போல்ட்டுக்கு என்ன?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல பாப்பா, நீ உள்ள போ. நான் பேசிட்டிருக்கேன்ல."

"என் போல்ட்டப் பத்தித்தானே பேசிட்டிருக்க?"

டாக்டர் நல்ல மனிதர். சங்கடப்பட்டார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கையால கடையுறது எல்லா நேரமும் ஒரே மாதிரி வராது, இல்லையா? வெளிய கம்ப்யூட்டர் மெஷின்ல போடுறவங்க இருக்காங்களாம். அங்க வாங்கிப் போட்டுடலாம்னு மாஸ்டர் சொல்லிட்டாரு."

மாஸ்டர் என்றால் அண்ணன். வாடிக்கைக்காரர்கள் எல்லோரும் அவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மாஸ்டர் அப்போது ஒன்றுமே தெரியாத பிள்ளை மாதிரி ஒரு ஸ்பானரை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பானர்.

அவள் அந்த ஸ்பானரையே பார்த்தாள். நாற்பத்தொரு வயதில் 'பாப்பா' என்று கூப்பிடுவதைப் பொறுத்துக்கொள்ளலாம். கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்கிறவர்களிடம் "லேத்துக்குப் பொறாமை வரும்" என்று சிரித்துச் சமாளிக்கிறவள்தான் அவள். ஆனால் அந்த இரண்டு போல்ட்டுகளையும் கடைய அவளுக்கு ஒரு முழு நாள் ஆனது. உறுதியான கம்பியாகத் தேடி எடுத்து, கடைந்து, மைக்ரோமீட்டரில் அளந்து, ஒரு தலைமுடி அளவு தடித்தது என்று மறுபடி லேத்தில் ஏற்றி, மறுபடி அளந்து முடித்தவை அவை. அவற்றைப் பார்த்து 'இரும்பு சரியில்லை' என்று நாக்கு கூசாமல் சொல்கிறான். அதுவும் யார், அந்த இரும்பை அவளோடு கடைக்கு வந்து தூக்கிக்கொண்டு வந்தவன்.

"அந்தப் பிளேட்டக் கொஞ்சம் பார்க்கணும்ணே" என்றாள்.

"அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன். நீ போய் இரும்புக் கடையில நாளைக்கு வேண்டிய கம்பியைப் பார்த்து எடுத்து வெச்சிட்டு வா" என்று சொல்லி, கிட்டத்தட்ட வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டான்.

அவள் திரும்பி வந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. டாக்டரின் வண்டி பூட்டி முடித்து ஓரமாக நின்றது. பளபளவென்று புது போல்ட்டுகள், வெளியிலிருந்து வாங்கியவை. வாசலோர மேஜையில் போனையும் ரசீதுப் புத்தகத்தையும் கவனித்துக்கொள்கிற அண்ணி, அவளைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல, சாப்பிட்டியா?"

"போனைக் காட்டுங்க."

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் முப்பது நாற்பது பேர் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அதில் டாக்டர் இடது கையால் தட்டித் தட்டி எழுதியிருந்தார்: லேத்தில் கடைந்த போல்ட்டால்தான் விழுந்தேன், எல்லோரும் தங்கள் வண்டியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல எண்ணத்தில் எழுதியதுதான். கீழே வரிசையாகக் கேள்விகள். என் வண்டி போல்ட் யார் போட்டது? அந்த லேத் அக்கா போட்டதா? மாஸ்டர், வேறு இடத்தில் செய்து தர முடியுமா?

"ரெண்டு பேரு வந்து அவங்க சாமானத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க" என்று அண்ணி தரையைப் பார்த்துச் சொன்னாள். "நீ பாதி கடைஞ்சு வெச்சிருந்தியே, அதுவும் சேர்த்துத்தான். உங்க அண்ணன் சரி சரின்னு எடுத்துக் குடுத்துட்டாரு."

"நீங்க ஒண்ணும் சொல்லலியா?"

"நான் என்னத்த சொல்ல? உங்க அண்ணனுக்கு ஒரு வாய், உனக்கு ஒரு வாய். நடுவுல எனக்கு ரெண்டு காதுதான் இருக்கு."

பாதி கடைந்ததைத் தூக்கிக் கொடுத்திருக்கிறான்! ஒரு லேத்காரிக்குச் சொத்து என்று என்ன இருக்கிறது? அவள் கடைந்தது நிற்கும் என்று நாலு பேர் நம்புவதுதான். அந்த நம்பிக்கை வர இருபத்திரண்டு வருடம் ஆயிற்று. போக ஒரு காலை நேரம் போதுமானதாக இருந்தது. இன்றைக்கு இரண்டு பேர், நாளைக்கு நாலு பேர். பிறகு அந்தத் தகரத் தடுப்புக்குப் பின்னால் அவள் நின்று என்ன செய்வது, ஈ ஓட்டுவதா?

அண்ணன் சாப்பிட மாடிக்குப் போயிருந்தான். கழற்றிப் போட்ட அவளுடைய போல்ட்டுகள், நட்டு வாஷரோடு ஒரு தகரத் தட்டில் கிடந்தன. அவள் அவற்றைப் பின்னால் கொண்டுபோய்த் துடைத்து, மைக்ரோமீட்டரை எடுத்தாள். மூன்று இடத்தில் அளந்தாள். கடைந்த அன்றைக்கு என்ன அளவோ அதே அளவு. நீளவில்லை, வளையவில்லை, திருகு மரை ஒன்றுகூட நசுங்கவில்லை. சரியில்லாத இரும்பாம்! நட்டைப் போட்டுச் சுண்டிவிட்டால் அதுபாட்டுக்குக் கடைசி வரை ஓடியது.

பிறகு வாஷரைத் திருப்பினாள். அடிப்பக்கம் கறுப்பாக ஏதோ அப்பியிருந்தது. நகத்தால் கீறினாள். பிளாஸ்டிக் மாதிரி செதில் செதிலாக வந்தது.

பவுடர் கோட்டிங்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. டாக்டருக்கு வண்டி பளபளவென்று இருக்க வேண்டும், பிளேட்டில் முகம் தெரிய வேண்டும். பிளேட்டுகளைக் கோட்டிங் போடுகிற இடத்துக்கு அனுப்பி, கனமாகப் பூசி, சுட்டு எடுத்து வந்தார்கள். பார்க்க அழகுதான், சும்மா சொல்லக் கூடாது. ஆனால் போல்ட் அழுத்தி உட்கார வேண்டியது இரும்பின் மேல், பூச்சின் மேல் அல்ல. பூச்சு நாள்பட நசுங்கி விலகும். விலகினால் நட்டின் இறுக்கம் போய்விடும், ஸ்பானர் எவ்வளவு முறுக்கியிருந்தாலும் சரி. பிளேட்டுகள் வந்த அன்றைக்கே அவள் அண்ணனிடம், "வாஷர் உட்காருற இடத்தையும், கியர்பாக்ஸ் உரசி நிக்கிற இடத்தையும் சுரண்டிட்டு மாட்டுண்ணே" என்று சொன்னாள். ஒரு முறை அல்ல, இரண்டு முறை. "சரி சரி" என்றான். சரி சரி என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவது அண்ணனின் பிறவிக் குணம்.

அவளுக்குக் கோபத்தோடு இப்போது பயமும் சேர்ந்துகொண்டது. அந்தப் பூச்சின் மேலேயே புது போல்ட்டைப் போட்டிருந்தால் வண்டி மறுபடியும் அதே பாலத்தில் அதே மாதிரிதான் செய்யும். இந்த முறை மணிக்கட்டோடு போகுமா என்று யாருக்குத் தெரியும்? ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டியின் பக்கத்தில் குந்தினாள். மேல் நட்டைத் தளர்த்தி, வாஷரைக் கொஞ்சம் நகர்த்தி உள்ளே பார்த்தாள்.

வெள்ளை இரும்பு.

கறுப்புப் பூச்சைச் சுத்தமாக, வாஷர் அளவுக்கே வட்டமாகச் சுரண்டி, அரத்தால் தேய்த்து எடுத்திருந்தார்கள். பிளேட்டுக்கும் பாக்ஸுக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பார்த்தாள். அங்கேயும் சுரண்டியிருந்தது. கீழ் போல்ட்டிலும் அப்படியே. மேஜையில் கிடந்த அரத்தைத் தட்டினாள். பற்களுக்கு நடுவிலிருந்து கறுப்புத் தூள் உதிர்ந்தது.

அவள் அந்தத் தூளை விரலில் தேய்த்துப் பார்த்தாள்.

அண்ணனுக்குத் தெரியும். போல்ட்டைக் கழற்றிய அந்த நிமிடமே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் டாக்டரிடம் இரும்பு சரியில்லை என்று சொல்லியிருக்கிறான். அவளை இரும்புக் கடைக்கு அனுப்பிவிட்டு, அந்த நேரத்தில் தன் தப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, மேலே வெளி போல்ட்டைப் போட்டிருக்கிறான். இனி கியர்பாக்ஸ் நகராமல் நிற்கும். நிற்கும்போது எல்லோரும் என்ன சொல்வார்கள்? பார்த்தாயா, லேத்காரி போல்ட்டை மாற்றியதும் சரியாகிவிட்டது என்பார்கள். இதைவிடச் சுத்தமாக ஒருத்தியின் பிழைப்பில் மண்ணைப் போட எதிரியால்கூட முடியாது. அண்ணனால்தான் முடியும்.

வாஷரைக் காட்டிச் சண்டை போடலாம். அதற்கும் அவன் ஒரு கதை வைத்திருப்பான், குரலை உயர்த்துவான், கடைசியில் 'பாப்பாவுக்குக் கோபம்' என்று முடிந்துவிடும். அவள் நட்டை மறுபடி இறுக்கினாள். அவன் இரண்டு முறை தடுப்புப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலை டாக்டர் ஆட்டோவில் வந்து இறங்கினார். அவரால் ஓட்ட முடியாததால் அண்ணன் வண்டியை அவர் வீட்டில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. அண்ணன் சாவியைக் கையில் எடுக்கும்போது அவள் பின்னாலிருந்து வந்தாள். கையில் அவளுடைய இரண்டு போல்ட்டுகள்.

"டாக்டர், ஒரு அரை மணி நேரம் இருங்க."

"பாப்பா, விளையாடாத" என்றான் அண்ணன்.

அவள் வண்டிப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, புது போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டில் போட்டாள். தன்னுடையதை உள்ளே தள்ளினாள். சுத்தியல் கேட்காமல், உள்ளங்கை அழுத்தத்துக்கே இறங்கியது. சின்னத் திருகால் கியர்பாக்ஸை இழுத்து, செயினில் விரலை வைத்து மேலும் கீழும் அசைத்துப் பார்த்தாள். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்த்தாள். பழைய செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது, மிக இறுக்கமான இடத்தைப் பார்த்துத்தான் தொய்வு வைக்க வேண்டும். மேல் நட்டு, கீழ் நட்டு இரண்டையும் முறுக்கினாள். முறுக்கும்போது பாக்ஸ் கொஞ்சம் நகரும் என்பதால் மறுபடி செயினைப் பார்த்தாள். பின் செயினையும் கிளட்ச் கம்பியையும் அதற்கேற்பத் திருத்தினாள். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். பல் டாக்டர் அதையும் கவனித்திருப்பார்.

"என்னம்மா இது, மறுபடி அதே போல்ட்டா?" என்றார் டாக்டர்.

"ஆமா டாக்டர். நீங்க ஓட்ட வேணாம், அண்ணன் ஓட்டட்டும். பாலம் ஏறி இறங்கிட்டு வரட்டும். பாரம் இருந்தாத்தான் சரியாத் தெரியும், அண்ணியும் பின்னால உக்காரட்டும்."

அண்ணனுக்கு அப்பாடா என்று இருந்தது. சண்டை வரும் என்று நினைத்தான், இவ்வளவுதானா? ஒரு சுற்று போய் வந்தால் பேச்சு முடிந்துவிடும். சட்டென்று காலைத் தூக்கி வண்டியில் உட்கார்ந்தான். மேஜையைப் பார்த்து, "வா, ஏறு, சீக்கிரம்" என்று கூப்பிட்டான். அண்ணி வந்து, துணியை ஒதுக்கிக்கொண்டு பின்னால் ஏறினாள். அண்ணன் கிக்கரில் காலை வைத்தான்.

"மாஸ்டர்" என்றார் டாக்டர்.

"சொல்லுங்க டாக்டர்."

"நேத்து இரும்பு சரியில்லன்னு சொன்னீங்க. என் கை இப்படி ஆனதுக்கு அந்தப் போல்ட்டுதான் காரணம்னு சொன்னீங்க." டாக்டர் மெதுவாகத்தான் பேசினார். "அது மேல உங்க வீட்டம்மாவ ஏத்திக்கிட்டுப் பாலம் ஏறப் போறீங்களா?"

அண்ணனின் கால் கிக்கரிலேயே நின்றது. காது இரண்டும் சிவந்துவிட்டன. இப்போது இறங்கினாலும் மாட்டிக்கொண்டான், இறங்காவிட்டாலும் மாட்டிக்கொண்டான்.

அண்ணிக்கு விளங்க ஒரு கணம் ஆனது. விளங்கியதும் இறங்கிவிட்டாள். "ஏங்க, அப்ப போல்ட்டு நல்லாத்தான் இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்?"

"அவனுக்கு நல்லாவே தெரியும் அண்ணி" என்றாள் அவள். வாஷரை டாக்டர் கையில் வைத்தாள். "அடியில ஒட்டியிருக்கிறதப் பாருங்க டாக்டர். நீங்க போடச் சொன்ன கோட்டிங். போட்டது தப்பில்ல. போல்ட்டு உக்காருற இடத்துல சுரண்டியிருக்கணும். நான் ரெண்டு தடவ சொன்னேன், அண்ணன் மறந்துட்டான். அது நசுங்கித்தான் பிடி விட்டுது. நீங்க விழுந்தப்புறம், என்னை வெளிய அனுப்பிட்டு, யாருக்கும் தெரியாம சுரண்டியிருக்கான்."

டாக்டர் வாஷரைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டார். அண்ணன் தலையைத் தூக்கவில்லை. "மறந்துட்டேன் டாக்டர்" என்றான். "மாஸ்டர் மறந்துட்டான்னு வெளிய தெரிஞ்சா பட்டறையே போயிடும்னு பயந்துட்டேன்."

"அதுக்கு பாப்பா தலையையா உருட்டுவீங்க?" அண்ணியின் குரல் தெரு வரை கேட்டது.

"பாப்பான்னா நம்ம வீட்டு ஆளு. ரெண்டு நாள் கோவிச்சுக்கும், அப்புறம் தன்னால சரியாயிடும். விட்டுட்டு எங்க போயிடப் போகுதுன்னு…" அவன் முடிக்கவில்லை.

இதுதான் அவளைச் சுட்டது. பொய் சொன்னதுகூட இவ்வளவு சுடவில்லை. பயத்தில் கையில் அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டான் என்று அதை ஒரு நாள் மன்னித்திருக்கலாம். ஆனால் அவன் யோசித்திருக்கிறான். வாடிக்கைக்காரன் போய்விடுவான், தன் பேர் போய்விடும், இவள் மட்டும் எங்கேயும் போகமாட்டாள் என்று கணக்காக எடைபோட்டுப் பார்த்துத்தான் அவள் பெயரைச் சொல்லியிருக்கிறான். அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. அழுகிறாள் என்று அவன் நினைத்துவிடுவானோ என்று அதற்கு வேறு கோபம் வந்தது.

"நான் எங்கயும் போகலண்ணே" என்றாள். "நீ போ."

"எங்க?"

"நேத்து என் வேலையைத் திருப்பி வாங்கிட்டுப் போனாங்களே ரெண்டு பேரு, அவங்க வீட்டுக்கு. இதே வண்டியில, என் போல்ட்டு மேல உக்காந்து போ. டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

டாக்டர் தலையை ஆட்டினார். அவர் ஏற்கெனவே போனை எடுத்து, இடது கட்டைவிரலால் குழுவில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

"போன்ல சொல்லிடுறேனே பாப்பா. நேர்ல போய் எப்படி… என்னன்னு சொல்றது?"

"போல்ட்டு நல்ல போல்ட்டுன்னு சொல்லு. என் தங்கச்சி கடைஞ்சதுன்னு சொல்லு. சுரண்ட மறந்ததும் நான்தான், பொய் சொன்னதும் நான்தான்னு சொல்லு. சொல்லிட்டு, அந்தப் பாதி கடைஞ்ச சாமானைக் கையோட வாங்கிட்டு வா. அது வராம நான் லேத்தைப் போட மாட்டேன்."

அண்ணன் மனைவியைப் பார்த்தான், கூட வருவாளோ என்ற ஆசையில். அண்ணி போய் மேஜையில் உட்கார்ந்து ரசீதுப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டாள். "தனியாவே போயிட்டு வாங்க. போல்ட்டு தாங்கும்" என்றாள்.

வண்டி இரண்டாவது உதையில் கிளம்பியது. தெருமுனை திரும்பும் வரை செயினில் ஒரு சலசலப்பு இல்லை. அவள் தடுப்புக்குப் பின்னால் போய், ஓடாத லேத்தின் முன் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பகல் முழுக்க நிற்க வேண்டியிருந்தாலும் நிற்பதாகத்தான் இருந்தாள்.